பாலுண்ணிக்கு வைத்த சுண்ணாம்பு

போன வாரம் கிள்ளையிலிருந்து பெரியம்மா எங்கள் சிதம்பரம் வீட்டுக்கு வந்திருந்தார். வெற்றிலை போடச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்ததும் அந்தக் கார வாடை மூக்கில் ஏறி, என் கை தானாகக் கன்னத்துத் தழும்புக்குப் போனது.

இப்போது என் மகளுக்கு இருப்பதுபோலவே ஏழு வயதில் எனக்கும் பாலுண்ணி வந்திருந்தது. கன்னத்தில் அரிசி அரிசியாகச் சின்னப் பருக்கள். மாதக்கணக்கில் போகவே இல்லை. எனக்கு வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. பெரியம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "பொட்டப்புள்ள மூஞ்சி இப்புடி இருந்தா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று, மீன் கழுவிய தண்ணீர் தேங்கி நின்ற கிணற்றடியில் என்னை உட்காரவைத்தார். சுண்ணாம்பில் சலவைச் சோடாவைக் குழைத்து ஒவ்வொரு பருவிலும் வைத்தார். தீயாக எரிந்தது. நான் கத்தக் கத்த, அம்மா என் கைகளை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஏழு வயதுக் குழந்தைக்கு மாப்பிள்ளைக் கவலை!

"தானா போயிடும், நோண்டாம வுடுங்க" என்று போன மாதம் என் மகளைப் பார்த்த டாக்டர் சொன்னபோது ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னுமா இத வுட்டு வெச்சிருக்க?" என்று சுண்ணாம்பு விரலோடு பெரியம்மா குழந்தையின் கன்னத்தை நெருங்கினார்.

"கைய எடுங்க பெரிம்மா!" என்று கத்திவிட்டேன். "எனக்குச் செஞ்சது போதாதா? இந்தத் தழும்பப் பாருங்க."

பெரியம்மா கண்ணைச் சுருக்கி என் கன்னத்தைப் பார்த்தார்.

"அதுவா? அது ஒனக்குப் பொறந்ததுலேந்தே இருக்கேடி" என்றார்.