செங்டுவில் ஒரு கோடையும் எதிர்வீட்டுக் கிண்ணமும்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சீனாவின் செங்டு நகரத்துக்கு நான் போனதே "இந்த ஊர் நமக்குச் சரிவராது" என்று சொல்லத்தான். என் கணவர் ஆரோக்கியம் இரண்டு வருடமாக அங்கே ஒரு மோட்டார் தொழிற்சாலையில் இருக்கிறார். இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். "நீயும் பாப்பாவும் இங்க வாங்க, இல்லைன்னா நான் அங்க வாரேன். தனியா இருக்க இனிமே ஏலாது" என்று போனில் சொல்லிவிட்டார். நாங்கள் போனால் திண்டுக்கல்லில் என் ஆசிரியை வேலை போகும். அவர் வந்தால் அதுபோல ஒரு வேலை இங்கே கிடைக்காது. கோடை விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு, ஜூனில் பள்ளி திறக்கும் முன் நான் பதில் சொல்வதாகப் பேச்சு.

ஏப்ரல் கடைசியில் ஆறு வயது மகள் ஜெனியோடு கிளம்பினேன். திருச்சி விமான நிலையம் நூறு கிலோமீட்டர் சொச்சம், காரில் இரண்டு மணி நேரம், மூவாயிரம் ரூபாய். ஓட்டுநருக்கு என்னைவிட அதிகக் கவலை.

"வெஞ்சனத்துக்கு என்னக்கா செய்வீங்க? அங்கிட்டு குழம்பே கிடையாதாம்ல?"

"ஊறுகாயும் பருப்புப்பொடியும் அம்புட்டு இருக்கு தம்பி" என்றேன். அவர் சமாதானமானதாகத் தெரியவில்லை.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் நான்கு மணி நேரம், அங்கிருந்து செங்டு நாலரை மணி நேரம். விமான நிலையம் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டாக்சி வேண்டாம், மெட்ரோவில் பத்துச் சொச்சம் யுவான்தான், நம் கணக்கில் நூற்றைம்பது ரூபாய்க்குள் அடங்கும்.

முதல் வாரம் பார்த்ததெல்லாம் பிரமிப்புதான். சத்தமே போடாத மின்சார ஸ்கூட்டர்கள், குப்பை கண்ணில் படாத தெருக்கள், பூங்காவில் கூட்டமாக நடனமாடும் பெண்கள். சாப்பாட்டில்தான் என் வாய்க்கொழுப்பு அடங்கியது. திண்டுக்கல் பிரியாணி தின்று வளர்ந்த நாக்கு என்று கணவரிடம் பீற்றிக்கொண்டு ஒரு மிளகாய்க் கறியை அள்ளி வாயில் போட்டேன். காரம் ஒன்றுமில்லை, ஆனால் உதடும் நாக்கும் பல் மருத்துவரிடம் ஊசி போட்டதுபோல மரத்துப்போயின. அங்கே சேர்க்கும் ஒருவகை மிளகின் வேலையாம் அது. "எனக்கு என்னமோ ஆகுதுங்க" என்று நான் பதற, அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் பகல்கள் நீளமாக இருந்தன. பத்தொன்பதாவது மாடி. கணவர் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். எதிரே சாத்திய கதவுகள். எங்கள் தெருவில் வாசலில் நின்றாலே நாலு பேர் "சாப்டியா?" என்பார்கள். என் பதில் அப்போதே முடிவாகிவிட்டது.

இரண்டாம் வாரம் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு சென் அம்மா, அறுபது வயதிருக்கும். நீலப் பூப்போட்ட கிண்ணத்தில் மஞ்சள் நிறப் பழங்களை நீட்டினார், ஜெனியின் கன்னத்தைத் தட்டினார், போய்விட்டார். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர எனக்கு மனம் வருமா? முறுக்கை நிரப்பிக் கொடுத்தேன். மறுநாள் கிண்ணம் வேகவைத்த கடலையோடு திரும்பி வந்தது. நான் எலுமிச்சைச் சோறு கொடுத்தேன். அவர் வெள்ளரிக்காய் ஊறுகாய் கொடுத்தார். நான் சீரகச் சம்பாவில் கோழி பிரியாணியே செய்துவிட்டேன்.

"அவங்களும் வெறும் பாத்திரம் திருப்ப மாட்டாங்களாம்" என்றார் கணவர். "இது நிக்கணும்னா ரெண்டு பேர்ல ஒருத்தர் ஊரை விட்டுப் போகணும்."

நான்காம் வாரம் ஜெனிக்குக் காய்ச்சலில் உடம்பு கொதித்தது. கணவர் போனை எடுக்கவில்லை. மருத்துவமனை எங்கே, கார் எப்படிக் கூப்பிடுவது, ஒன்றும் தெரியாமல் அழுதுகொண்டிருந்தபோது சென் அம்மா கிண்ணத்தோடு வந்தார். கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தார். கார் பிடித்தார், வரிசையில் நின்றார், டாக்டரிடம் பேசினார். நான் அனுப்பிய செய்தியைப் பார்த்துக் கணவர் ஓடிவரும் வரை என் கையை விடவில்லை. சாதாரண வைரஸ் காய்ச்சல்தான், மூன்று நாளில் சரியானது. அந்தக் கையை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வாட்ஸ்அப் அங்கே வழக்கம்போல வேலை செய்யாது, ரோமிங் சிம் வாங்கிக்கொள்ளுங்கள். டீக்கடையில்கூட போனில் ஒரு செயலி வழியாகத்தான் பணம் கொடுக்க வேண்டும். அந்தச் செயலியில் உங்கள் கார்டை ஊரிலேயே இணைத்துவிடுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியையும், சீன எழுத்தில் பக்கத்து மருத்துவமனையின் பெயரையும் போனில் வைத்திருங்கள். நான் செய்யாமல் தவித்தவை இவை. முறுக்கு நிறைய எடுத்துப்போங்கள்.

கிளம்பும் நாளன்று கிண்ணம் எங்கள் வீட்டில் இருந்தது. மிச்சமிருந்த பருப்புப்பொடியை நிரப்பிக் கொடுத்து, கும்பிட்டேன். லிஃப்ட் வருவதற்குள் ஓடி வந்தார். அதே கிண்ணத்தில், இலையில் பொதிந்து அவித்த பச்சரிசிக் கொழுக்கட்டை போன்ற பண்டம், இன்னும் சூடாக. கிண்ணத்தை எப்படித் திருப்பித் தருவது என்று நான் கையால் கேட்டேன். அவர் போனில் எதையோ தட்டி, தமிழில் வந்ததைக் காட்டினார்.

"அவசரமில்லை. வரும்போது கொண்டு வா."

கிண்ணம் இப்போது திண்டுக்கல்லில் என் அடுப்படியில் இருக்கிறது. வேலையை விடுவதாகப் பள்ளியில் போன வாரம் சொல்லிவிட்டேன். ஆகஸ்டில் கிளம்புகிறோம், அதில் என்ன நிரப்பிக் கொண்டுபோவது என்றுதான் ஜெனியும் நானும் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.