குழாயடியில் கேட்ட கருத்து

நேற்றுக் காலை சமையலறைக் குழாயைத் திறந்தேன். குளோரின் வாசனை குப்பென்று அடித்தது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசியில் கருத்துக்கணிப்புக்கு ஒரு பிள்ளை. மின்சாரம் அரசாங்கத்திடமே இருக்க வேண்டுமா, தனியாரிடம் போகலாமா, என் கருத்து என்ன என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், ஒரு காலத்தில் என் பிழைப்பும் இதுதான்.

அது என் முதல் வேலை. கல்முனையில் பஸ் ஏறி, நிந்தவூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் வீடு வீடாகப் போய், தண்ணீர் விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுக்கலாமா என்று கேட்க வேண்டும். கேள்வி கொழும்பிலிருந்து வந்தது. சனமோ என் கையில் பேனையைக் கண்டதும், வீட்டுக்குக் குழாய் லைன் பதிய வந்தவள் என்றே முடிவு கட்டிவிட்டது. தேத்தண்ணி வரும், பணியாரம் வரும், பிறகு மெதுவாக, "எதச் சொன்னா புள்ள லைன் கெதியா வரும்?" என்பார்கள். நான் கேள்வியை முதலிலிருந்து வாசிப்பேன். "அப்ப ரெண்டுக்கும் ஓம் போடுங்க" என்று முடித்துவிடுவார்கள். பொதுசனக் கருத்தைத் தேடிப் போன எனக்குப் பணியாரம்தான் மிச்சம்.

தெருக்குழாயடியில்தான் ஒருவர் மனதில் இருந்ததைச் சொன்னார். இடியப்பம் அவித்து விற்கும் நிஸா ராத்தா; அக்காவை அங்கே ராத்தா என்பார்கள். கடல் ஊருக்குள் வந்து போனதிலிருந்து அவர் கிணறு உவர்; அந்தக் குழாய் இல்லையென்றால் அவருக்கு அடுப்பே இல்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்கு நின்ற வரிசை விலகி வழிவிட்டது. பின்னால் வந்த பெண்ணின் வாப்பா அன்று காலை மௌத்தாகியிருந்தார். இறந்தவர் உடலைக் குளிப்பாட்டும் தண்ணீருக்கு முதலிடம் என்பது அங்கே யாரும் சொல்லிக் கொடுக்காத சட்டம். ராத்தாவும் பாதி நிரம்பிய குடத்தை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்.

"கொம்பனிக்காரனுக்கு மௌத்து வீடு தெரியுமா மகள்? அரசாங்கத்திட்டயே இரிக்கட்டும். இந்தக் குழாய எடுக்காம உட்டாச் சரி."

தண்ணீர் அரசாங்கத்திடமே இருந்தது. ராத்தா வென்றுவிட்டார் என்று நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு வீட்டுக்கு வீடு மீற்றர் வந்தது. இனித் தெருக்குழாய் எதற்கு என்று அதே அரசாங்கம் கழற்றிக்கொண்டு போனது. லைன் எடுக்க வழியில்லாத ராத்தாவின் இடியப்பமும் அதோடு நின்றது.

தொலைபேசிப் பிள்ளை திரும்பவும் கேட்டாள், அரசாங்கமா தனியாரா என்று. எனக்குப் போன மாதம்தான் நினைவில் நின்றது. ராத்தா மௌத்தான செய்தி கேட்டுப் போயிருந்தேன். அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டு, அவர் மகள் வாளியோடு வாசல் வாசலாகப் போனாள். எல்லோரும் மனமாரக் கொடுத்தார்கள். அவளுக்கு விலகி வழிவிட ஒரு வரிசைதான் இல்லை.