வெள்ளைச் சட்டையில் மீன் இரத்தம்

கறை எடுப்பதில் எங்கள் கரையில் என்னை அடிக்க ஆளில்லை என்று கொஞ்சக் காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன் நான். மன்னார்த் தீவில் கடலுக்குப் போகிற ஒருவன் இதைப் பெருமையாகச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தார்கள்தான். வலை காயப்போடுகிற இடத்தில் மகளின் பள்ளிக்கூடச் சட்டையை நான் கசக்கிக்கொண்டிருந்தால், "அண்ணைக்கு ரவுனில ஒரு லோன்றி போட்டுக் குடுங்கோவன்" என்று இளவட்டங்கள் நக்கலடிக்கும். எனக்கு முன்கோபம் அதிகம். ஆனாலும் அந்தப் பகிடிக்கு மட்டும் கோபம் வரவில்லை.

மனைவி புற்றுநோயில் போய்ச் சேர்ந்தபோது மகளுக்குப் பன்னிரண்டு வயது. எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மனைவி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தாயில்லாப் பிள்ளை எண்டு ஆரும் சொல்லாத மாதிரிப் பாத்துக்கொள்ளுங்கோ." அதை நான் எனக்குத் தெரிந்த விதத்தில் விளங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடச் சட்டை கழுத்திலிருந்து முழங்கால் வரை வெள்ளை. அதில் ஒரு பொட்டுக் கறை இருந்தால் போதும், வீட்டில் தாய் இல்லை என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். ஆகவே கறை இருக்கக்கூடாது. என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

முதலில் வந்தது மெழுகு. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சேமக்காலைக்குப் போய், மனைவியின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினோம். சோளகக் காற்றில் திரி சரிந்து மகளின் வெள்ளைச் சட்டையில் ஊற்றிவிட்டது. வீட்டுக்கு வந்து பத்திரிகைத் தாளை மேலே விரித்து அயன் பண்ணினேன். மெழுகு தாளுக்கு ஏறியது, தாளின் எழுத்து சட்டைக்கு இறங்கியது. நான் எடுத்தது மரண அறிவித்தல் பக்கம். யாரோ ஒருவருடைய நல்லடக்க நேரம் என் பிள்ளையின் நெஞ்சுப் பக்கத்தில் தலைகீழாகப் பதிந்திருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சிரிப்பு வரவேண்டிய இடம், வரவில்லை. பிறகு வெறுந்தாள் வைத்து அழுத்தி, மிச்சத்துக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக் கசக்கினேன். மகள் பக்கத்தில் நின்று ஒன்றும் விடாமல் பார்த்தாள்.

அதன்பிறகு எனக்கு அது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. மிசின் ஒயில் பட்டால் முதலில் மண்ணெண்ணெய், பிறகு சவர்க்காரம். துருக் கறைக்குத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் பூசி வெயிலில் போடவேண்டும். குளோரின் தண்ணீர் மட்டும் காட்டக்கூடாது, காட்டினால் துரு துணியோடு குடியிருந்துவிடும். ஒரு சட்டையை அப்படி நாசமாக்கித்தான் அதைப் படித்தேன். கிணற்றில் சவர்த் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்காது. குழாயில் தண்ணீர் வருகிற நேரம் வாளியில் பிடித்து வைத்து, கடைசி அலசலுக்கு நீலம் கலந்து போடுவேன். கொடியில் தொங்கும் சட்டையை வேலிக்கு அப்பாலிருந்து பார்க்கிற பெண்கள் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று காத்திருந்த நாட்களும் உண்டு.

மீன் இரத்தம் எனக்குப் பெரிய விஷயமே இல்லை. பட்ட கையோடு குளிர்ந்த கடல் தண்ணீரில் அலசினால் போய்விடும். சுடுதண்ணீர் மட்டும் ஆகாது. சூடு பட்டால் இரத்தம் துணியோடு வெந்து ஒட்டிக்கொள்ளும். இது எங்கள் பக்கத்தில் எல்லா ஆண்களுக்கும் தெரியும். அதனாலேயே மகளுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

மனைவி போய் ஏழெட்டு மாதம் இருக்கும். ஒருநாள் பத்து மணிபோலக் கரையிலிருந்து வந்தேன். மீன்பாடு சரியில்லை, வலையும் கிழிந்திருந்தது. கிணற்றடிக்குப் போகும் வழியில், நடுப்பாதையில், ஒரு வாளி. அதற்குள் மகளின் பள்ளிக்கூடச் சட்டை. தண்ணீரில் இன்னும் சூடு இருந்தது. துணியில் இரத்தம் மண்ணிறமாகி ஒட்டிப்போயிருந்தது. பள்ளிக்கூட நாளில் மகள் வீட்டில் நிற்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"மீன் வெட்டுறதெண்டா பள்ளிக்கூடச் சட்டையோடதான் இருந்து வெட்டோணுமோ? சட்டையைக் கழட்டிப்போட்டு வேற போடத் தெரியாதோ? சுடுதண்ணி விட்டு எல்லாத்தையும் பழுதாக்கிப் போட்டு நிக்கிறாய்!"

வேலிக்கு அப்பால் இரண்டு பெண்கள் நின்றார்கள். என் குரல் அவர்களுக்கும் சேர்த்துத்தான். மகள் குசினி வாசலில் நின்றாள். என்னையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓம் அப்பா. மீன் வெட்டினனான்" என்றாள்.

அன்று முழுவதும் அந்தச் சட்டையோடு மல்லுக்கட்டினேன். உப்பு, தேசிக்காய், வெயில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு மங்கல் அடையாளம் மட்டும் போகவே இல்லை. அதை அலுமாரிக்குள் போட்டுவிட்டு, வேறு துணி வாங்கித் தைத்துக்கொடுத்தேன். செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன் என்ற திருப்தி வேறு எனக்கு.

அதன்பிறகு அவள் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மாதத்தில் மூன்று நாலு நாள் வயிற்றுக்குத்து என்று படுத்துவிடுவாள். பிள்ளை ஏன் வரவில்லை என்று வகுப்பு ரீச்சர் தொலைபேசியில் கேட்டபோதும் எனக்கு விளங்கவில்லை. விளங்காததற்குச் சாட்டுச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, நான் திருமணம் செய்து பதினைந்து வருடம் வாழ்ந்தவன். படிக்கப் பஞ்சி, வெறும் சோம்பல் என்றே நினைத்தேன். "கொம்மா கேட்டது இதுக்கே?" என்றுகூட ஒருநாள் கேட்டேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆண்டுப் பூசைக்கு இரண்டு நாள் முந்தி, அடம்பனில் கட்டிக்கொடுத்த என் தங்கை பஸ்சில் வந்து இறங்கினாள். மனைவியின் சேலைகளை யாருக்காவது கொடுக்கலாம் என்று அலுமாரியைத் திறந்தவள், மகளை அறைக்குள் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். பிறகு ஒரு பழைய நூல் சேலையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். பாதிக்கு மேல் காணவில்லை. மிச்சம் கையகலத் துண்டுகளாகக் கிழித்து மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"அண்ணை, உங்களுக்குக் கண் இல்லையோ? பிள்ளை பெரியபிள்ளையாகி நாலு மாசமாம். தாயின்ர சீலையைக் கிழிச்சுக் கிழிச்சுச் சமாளிச்சிருக்கிறாள்."

மகள் அவளுக்குப் பின்னால் நின்றாள். ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று தங்கைதான் கேட்டாள்.

"சொன்னா ஊருக்குத் தெரியும் மாமி. தண்ணி வாக்கோணும், சேலை உடுத்தோணும் எண்டு எல்லாரும் வருவினம். அம்மா செத்த வருசம். அம்மா இல்லாம எனக்கு ஒண்டும் வேண்டாம்."

"அப்பாட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன் நான்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

"சொல்ல வெக்கமாயிருந்தது அப்பா. அதுதான் சட்டையை நீங்கள் வாற வழியில, வாளிக்குள்ள வச்சனான். மீன் இரத்தமெண்டா மணக்கும்தானே. உங்களுக்கு மணந்து பாத்தாத் தெரியும் எண்டு நினைச்சனான்."

தங்கை அவளை அணைத்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனாள். நான் அலுமாரியைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்தேன். மங்கல் அடையாளம் பின்பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. குந்தியிருந்து மீன் வெட்டுகிற பிள்ளைக்கு இரத்தம் எப்படிப் பின்னால் படும் என்று நாலு மாதமாக நான் கேட்டுப் பார்க்கவில்லை. சட்டையை முகத்தோடு வைத்து மணந்து பார்த்தேன். சவர்க்காரமும் நீலமும்தான் மணத்தன.