கதவைச் சாத்திக்கொண்டு ரிசல்ட் சொன்ன டாக்டர்

“சேச்சி, நம்ம டாக்டரம்மா போயிட்டாங்களாம்” என்று சொன்னவர், இருமல் மருந்து வாங்க வந்த ஆட்டோக்காரர். சில வாரங்களாகவே எதிர்பார்த்திருந்த செய்திதான். அவர் கேட்ட மருந்தை எடுத்துக் கொடுத்து, எப்படிக் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். வியாபார நேரத்தில் அழத் தெரியாதவள் என்று டாக்டர் பத்மாவதி என்னைக் கேலி செய்ததுண்டு. அன்று நன்றாகவே அழுதேன்.

பாலக்காட்டிலிருந்து கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பம் அவருடையது. அரசு மருத்துவமனையில் பெண்கள் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கேயே கொச்சங்காடியில் என் மருந்துக்கடைக்கு மேலே உள்ள அறையில் பெண்களுக்குப் புற்றுநோய் முன்பரிசோதனை நடத்தி வந்தார். காய்கறி விற்பவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள் என்று வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த பெண்கள். இதே சோதனை அரசு மருத்துவமனையில் இலவசம்தானே என்று ஆரம்பத்தில் கேட்டேன். “இலவசம் சரி வசந்தா. ஒரு நாள் கூலியை விட்டுட்டு, பாஷையும் தெரியாம, எந்த க்யூன்னும் தெரியாம நிக்கறாளே, அது இலவசமா?” என்றார்.

மாடிக்கு வந்தவர்களுக்கு அவருடைய ரிசல்ட் வியாழக்கிழமைகள் நினைவிருக்கும். அந்த வழக்கம் ஒரு கோபத்தில் பிறந்தது. வேறெங்கோ சோதனை செய்துகொண்ட ஒரு பெண், மலையாளத்தில் எழுதித் தந்த முடிவைப் படிக்கத் தெரியாமல் பள்ளியில் படிக்கும் மகனிடம் கொடுத்திருக்கிறாள். பையன் உரக்கப் படித்துவிட்டு, பாதியில் நிறுத்தி, அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கிறான். அதைக் கேட்ட நாள் டாக்டர் சாப்பிடவே இல்லை. இனி முடிவை வாயால், தமிழில், அவளிடம் மட்டும்தான் சொல்வது என்று தீர்மானித்தார். மேல்சிகிச்சை தேவைப்படுகிறவர்களை மட்டும் கூப்பிட்டாலோ, யாருக்கு என்ன என்பது சாயங்காலத்துக்குள் குழாயடிக்குத் தெரிந்துவிடும். ஆகவே எல்லோரையும் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியும் தனியாக உள்ளே போவாள், கதவு சாத்தப்படும், எல்லோருக்கும் ஒரே அளவு நேரம். வெளியே வந்ததும் என் கையால், பால் விடாத ஒரு கட்டன்சாயா.

ஒன்றுமில்லை என்று ஒரு நொடியில் சொல்லி முடித்த பிறகு மிச்ச நேரத்தை எப்படி ஓட்டுவது? டாக்டர் மீன்குழம்பு வைக்கும் விதம் கேட்பார். முட்டையைக்கூடத் தொடாத சைவம்! ஓட்டலில் பாத்திரம் கழுவும் செல்வி வந்துபோன பிறகு, “செல்விக்கு ஏதாவது உண்டா?” என்று ஒருமுறை மெல்லக் கேட்டேன். “குடம்புளி கொஞ்சம் ஜாஸ்தி போடறாளாம். ஒரு நாள் வெச்சு மறுநாள் தின்னணுமாம், கேட்டியா?” என்றார். இப்படியே அவரிடம் கேட்டுக் கேட்டு எனக்கு ஊர்ப்பட்ட மீன்குழம்புகள் தெரியும்.

நாங்கள் பெரிதாகச் சண்டை போட்டது ஒரு பஸ்ஸுக்காக. ஓர் அறக்கட்டளைக்காரர்கள் மார்பகப் படம் எடுப்பது போன்ற சோதனைக் கருவிகளோடு பஸ் அனுப்புகிறோம், ரத்தத்தில் எல்லா வகைப் புற்றுநோயையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்றார்கள். எனக்கு வாயெல்லாம் பல். டாக்டர் முடியாது என்றுவிட்டார். நல்ல உடம்புக்காரியைக்கூட அந்த ரத்தச் சோதனை வீணாகப் பயமுறுத்தும், நோய் இருப்பவளுக்கு இல்லை என்றும் சொல்லிவிடும் என்று விளக்கினார். “நீ பஸ்ஸைப் பாக்கறே. நான் பஸ் போனப்பறம் மேல்சிகிச்சைக்கு வழி தெரியாம நிக்கறவளைப் பாக்கறேன்” என்றார். ரத்தச் சோதனை விஷயத்தில் அவர் சொன்னது சரி. ஆனால் மார்பகப் படம் எடுக்கும் கருவியையாவது வாங்கிக்கொண்டிருக்கலாம், படத்தில் ஏதாவது தெரிந்தால் மேல்சிகிச்சைக்கு நாமே கூட ஓடியிருக்கலாம் என்று இன்றும் சொல்வேன். அவர் எதிரே இல்லாததால் மாற்றிப் பேச நான் தயாரில்லை.

பிறகு அவருக்கே வந்தது, கணையத்தில். கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. “இதை முன்னாடியே கண்டுபிடிக்க எல்லாருக்கும் செய்யற மாதிரி ஒரு டெஸ்ட் கிடையாது. என்ன வியாதின்னு மறைக்காதே. கேப்பா. கேட்டா நேரா சொல்லு” என்றார்.

கேட்டார்கள். அஞ்சலிக் கூட்டத்தை அதே மாடி அறையில் வைத்திருந்தோம். அடுத்த சோதனை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. காய்கறி விற்கும் மாரியம்மா எழுந்தாள். “ஊருக்கே டெஸ்ட் எடுத்தாங்க, அவங்களையே அது கொண்டுபோயிருச்சு. அப்புறம் நாங்க எதுக்குக்கா வரணும்?” பல தலைகள் ஆடின. டாக்டர் சொல்லச் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். யார் மனதிலும் அது ஏறவில்லை. இத்தனை வருட வேலையும் அந்த மாலையோடு போய்விடும் என்று பயந்தேன்.

அப்போதுதான் மாரியம்மாவுக்கு அடுத்த வீட்டிலேயே குடியிருக்கும் செல்வி எழுந்தாள்.

“எனக்கு இருந்துச்சு, கருப்பை வாயில. புத்துநோயா மாறுறதுக்கு முன்னாடியே பாத்துட்டாங்க. டாக்டரம்மாவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட வந்து சரி பண்ணிக் குடுத்தாங்க. ரிசல்ட் சொன்ன அன்னைக்கு உங்களோடதான் உக்காந்து சாயா குடிச்சேன். ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சுச்சா?”

மாரியம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். “எங்கிட்டக்கூட சொல்லல பாரு” என்று திட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, “நான் வாரேன்க்கா” என்றாள். சோதனை நாளன்று படிக்கட்டு வரை பெண்கள் நின்றார்கள். வந்திருக்கும் புது டாக்டருக்குச் சின்ன வயது. வியாழக்கிழமை விதிகளை முதல் நாளே சொல்லிவிட்டேன்.

செல்வி பெயரைப் போட்டு எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. டாக்டரிடமிருந்து என்னிடம் இருப்பவை அந்த மீன்குழம்புகள்தான். அவற்றில் எது வெறும் குழம்பு, எது செல்வியுடையதைப் போல ஒருத்தியின் உயிர் என்று நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை.