டயாலிசிஸ் அறைக்கு வந்த பழைய லேப்டாப்

மருத்துவமனையின் லிஃப்டுகளைப் பழுதுபார்ப்பவர் ஒரு பெண். எல்லோருக்கும் அவர் லிஃப்ட் அக்கா. அதே கட்டடத்தின் டயாலிசிஸ் அறையில்தான் அவருடைய கொழுந்தனார் ஒருநாள் விட்டு ஒருநாள் படுத்திருப்பார். ஊசி குத்திய கையை அசைக்கக்கூடாது. கூரையைப் பார்த்தே பொழுதைக் கழிக்க வேண்டும்.

வேறொரு கட்டடத்தில், காலி செய்துகொண்டிருந்த ஓர் அலுவலகம் பழைய லேப்டாப் ஒன்றைக் குப்பையில் போட இருந்தது. அக்கா அதைக் கேட்டு வீட்டுக்கு வாங்கி வந்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினார். எல்லாம் ஓடியது, வைஃபையைத் தவிர.

"என்ன அண்ணி, உயிர் வந்துடுச்சா?" என்றார் கொழுந்தனார்.

"உயிர் இருக்கு தம்பி. காதுதான் கேக்கலை."

"அதுக்கும் என்னை மாதிரி ஒரு ஊசியைக் குத்திப் பாருங்க."

வைஃபையை இயக்கும் சில்லுக்கு, அதாவது சிப்புக்கு, வேண்டிய சின்னக் கோப்பு ஒன்று லினக்ஸோடு வரவில்லை. அதை நெட்டில்தான் இறக்க வேண்டும். அது இல்லாமல் நெட் வராது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. அக்கா தன் செல்போனைக் கேபிளில் மாட்டி, அதன் வழியாகக் கோப்பை இறக்கினார். திரையில் அக்கம்பக்கத்து வைஃபைகளின் பெயர்கள் வரிசையாக முளைத்தன. வெறும் காற்று என்று நினைத்திருந்த இடத்தில் இத்தனை வழிகளா!

ஆனால் இணைப்பு நிலைக்கவில்லை. வந்தது, போனது, வந்தது, போனது. லினக்ஸ் பயன்படுத்துவோர் கூடும் இணையப் பக்கத்தில் கேள்வியைப் போட்டார். முன்பின் தெரியாத ஒருவர் பதில் எழுதினார்:

"மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்தச் சில்லு நடுநடுவுல தூங்கும். தூங்கத் தெரியும், எந்திரிக்கத் தெரியாது. இந்த ஒரு வரியைச் சேருங்க, தூங்காது."

சேர்த்தார். இணைப்பு அப்படியே நின்றது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அக்கா.

தயாரித்த நிறுவனம் எந்த விவரமும் தரவில்லையாம். சில்லும் கணினியும் தங்களுக்குள் பேசிக்கொள்வதை ஒரு குளிர்காலம் முழுக்க ஒட்டுக்கேட்டு, ஊகித்து, தப்பாகி, மறுபடி ஊகித்து, அவரும் இன்னும் சிலரும் அதை இயக்கும் நிரலை எழுதினார்களாம்.

"சம்பளமா?"

"இல்லீங்க. என்கிட்ட இதே சில்லு போட்ட பழைய லேப்டாப் இருந்துச்சு. வேற யாருகிட்டயாவது இருக்குமேன்னு தோணுச்சு."

அக்கா அந்தப் பதிலை இன்னொரு முறை படித்தார். லிஃப்டின் மூடியைக் கழற்றிக் கண்ணால் பார்த்தே அவருக்குப் பழக்கம். இவர்களோ கண்ணுக்கே தெரியாததைப் பழுதுபார்த்திருக்கிறார்கள், முகமே தெரியாத ஒருத்திக்காக.

மறுநாள் கொழுந்தனாரின் கட்டிலருகே லேப்டாப் திறந்தது. கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய மகள் திரைக்கு வந்தாள்.

"அப்பா, தெரியுதா? இருங்க, காட்டுறேன்" என்று கேமராவைத் திருப்பினாள்.

குழாய்களில் அவருடைய ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அளவு பார்க்க வந்த நர்ஸ் அங்கேயே நின்றுவிட்டார். அடுத்த கட்டிலில் இருந்தவர் தலையைத் தூக்கினார்.

"அண்ணி," என்றார் கொழுந்தனார் மெல்ல, "கடல் அசையுது பாருங்க."