மஞ்சள் கோடும் சாய்கோடும்

போன மாதம் ஒரு காலை, தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

"டேய், பஸ்காரரு ஏத்த மாட்டேங்கிறாரு லா. போன்ல என் பக்கமே திறக்கல."

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் அவள் லைன் லீடராகப் பொறுப்பேற்கும் முதல் நாள் அது. தாமதமாகப் போனால் அன்றைக்கே மானம் போய்விடும். அன்று முதல் பஸ்ஸில் ஏறும்போது காட்ட வேண்டிய அந்தப் பக்கத்தை எழுதியவன் நான். தம்பி செய்தது என்று அதை அவள் பெர்மாஸ் ஜெயா குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"லைன் சரியில்லாம இருக்கும்க்கா" என்றேன் எரிச்சலோடு.

"மத்தவங்களுக்குத் திறக்குதே. மலாய்க்காரங்க, சீனவங்க எல்லாம் ஏறிட்டாங்க. நம்ம ஆளுங்க மட்டும்தான் நிக்கிறோம்."

அப்போதுதான் எனக்குச் சாய்கோடு ஞாபகம் வந்தது. மலேசியத் தமிழர்களான எங்கள் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி என்று இருக்கும். மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம். நான் ஒவ்வொருவர் பெயரையும் அவரவர் பக்கத்தின் இணைய முகவரியில் சேர்த்திருந்தேன். முகவரிக்குள் சாய்கோடு வந்தால், அந்த இடத்தோடு பெயர் முடிந்துவிட்டது என்று கணினி எடுத்துக்கொள்ளும்.

யாரும் எச்சரிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நிரல் எழுத நாங்கள் பயன்படுத்தும் ஃப்ரேம்வொர்க்கில் எதை எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு முறை உண்டு. முறை தவறினால் லின்டர் என்கிற கருவி அந்த வரிக்குக் கீழே மஞ்சள் கோடு போடும். 'பெயரை நேராக ஒட்டாதே, அதிலுள்ள குறிகளை மாற்றி அனுப்பு' என்று அது அப்போதே சொன்னது. எனக்கு அந்தக் கருவியைக் கண்டாலே ஆகாது, எதற்கெடுத்தாலும் குறை. 'இந்த வரியைக் கண்டுகொள்ளாதே' என்று ஒரு குறிப்பு எழுதி அதன் வாயை அடைத்துவிட்டேன்.

இப்போது குறிப்பை அழித்தேன். மஞ்சள் கோடு திரும்பி வந்தது. அது சொன்னபடி மாற்றினேன், பக்கம் திறந்தது. அதற்குள் பஸ் போய்விட்டது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் யூனிஃபார்ம்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வாடகைக் காரில் போய்ச் சேர்ந்தபோது அவள் இடத்தில் வேறு ஒருத்தி நின்றிருந்தாளாம். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

"முன்னாடியே டெஸ்ட் பண்ணிப் பாக்கலையா?"

"பாத்தேன்க்கா. என் பேரையே போட்டுப் பாத்தேன்."

"உன் பேருலயும் ஏ/எல் இருக்குதேடா."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆபீசில் என் பெயர் பாதிதான். சிங்கப்பூர்க்காரர்களோடு வேலை செய்ய ஆரம்பித்ததும், நீளமாக, ரப்பர் தோட்டத்து ஆள் பெயர் மாதிரி இருக்கிறதென்று மீதியை வெட்டிவிட்டேன். சோதித்ததும் அந்தப் பாதியைத்தான்.

"அப்பா பேரை எடுத்துட்டியா?" என்றாள்.

"சுருக்கமா இருக்கட்டும்னு..." என்று இழுத்தேன். அவளை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. சட்டையில் குத்தியிருந்த புது அட்டையைப் பார்த்தேன். லைன் லீடர் என்பதற்கு மேலே அவள் பெயர் இருந்தது, அப்பா பெயரோடு, முழுதாக.