ஆடாத பட்டுக்கூடு

பட்டுக்கூடு பிடுங்கும் பதத்தை நான் காதால் பார்ப்பேன். ஒரு கூட்டைக் காதோரம் வைத்து ஆட்ட வேண்டும். உள்ளே புழு முத்தியிருந்தால் லொடக்கென்று ஆடும். சத்தமில்லை என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். இண்டூர் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து இப்படித்தான்.

போன மார்கழியில் ஆட்டினேன். சத்தம் இல்லை. பனிக்காலத்தில் தாமதமாகும், விட்டேன். மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாட்களிலும் இல்லை.

புழுவுக்கு மல்பெரி இலை கேட்டு வந்த பக்கத்து வூட்டு அக்கா ஒன்றை எடுத்து ஆட்டினாள்.

“ஏன்டி, இன்னும் பிடுங்காம வெச்சிருக்க? இந்த ஆட்டம் ஆடுது!”

“எனக்குக் கேக்கலியே.”

“உன் வூட்டுக்காரர் கூப்புட்டாலே உனக்குக் கேக்காது. இது கேக்குமா?”

ஆள் வைத்துப் பிடுங்குவதற்குள் பல கூட்டை ஓட்டை போட்டுப் பூச்சி வெளியே வந்துவிட்டது. ஓட்டைக் கூட்டில் நூல் வராது. பட்டுக்கூடு அங்காடியில் தள்ளி வைத்தார்கள்.

“புழுவ வுட்டுட்டு தக்காளி வெக்கலாம்” என்றார் எங்க வூட்டுக்காரர்.

எனக்குப் புழுதான் தெரியும். காது திரும்புமா என்று கேட்கத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

சின்ன அறையில் உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள். தடித்த சத்தத்துக்குத் தூக்கினேன். பிறகு வெகுநேரம் சும்மா இருந்தேன். அப்போதும் சத்தம் வந்துகொண்டுதான் இருந்ததாம்.

“நரம்புக் கோளாறும்மா” என்றார் டாக்டரம்மா. “உள்காதுல பொடி மயிர் மாதிரி செல்லு இருக்கு. அதுதான் சத்தத்த நரம்புக்கு அனுப்பும். உங்களுக்கு அது கொஞ்சம் செத்துப்போச்சு.”

“திரும்ப மொளைக்காதுங்களா?”

“மனுசனுக்கு மொளைக்காது. கோழிக்கு மொளைக்கும்.”

“கோழிக்குங்களா!”

“ஆமாம்மா. எப்படின்னு ஆராய்ச்சி பண்றாங்க. உங்களுக்கு ஆகுற மருந்து இன்னும் வரல. திடீர்னு அடைச்ச காதுன்னா உடனே வந்தா மருந்து குடுத்துப் பாக்கலாம். உங்களுது மெதுவாப் போனது. காதுக்கு மெஷின் போடுங்க.”

வூட்டுக்கு வந்ததும் ஒரு கோழியைப் பிடித்தேன். இறகை விலக்கினேன். காது மடல் இல்லை, ஓட்டை மட்டும். இதற்குள்ளா முளைக்கிறது என்று உற்றுப் பார்த்தேன்.

“முட்ட அங்க இல்ல” என்றார் எங்க வூட்டுக்காரர்.

மெஷின் மாட்டினேன். ஃபேன் இரைந்தது. தட்டு வைத்தால் தலைக்குள் விழுந்தது. நாள் போகப் போகப் பழகியது.

அடுத்து வளர்த்த புழு கூடு கட்டியது. ஒன்றை ஆட்டினேன். ஏதோ கேட்டது. புழுவா, என் விரல் மெஷினில் உரசியதா, தெரியவில்லை. பிளேடால் முனையை வெட்டினேன். உள்ளே புழு பழுப்பாக, கெட்டியாக இருந்தது. பதம் சரி.

முத்தினது என்று தெரிந்துவிட்டதால் பக்கத்துக் கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிக் கேட்டேன். பழைய சத்தம் இல்லை. தகரத்தில் நெல் விழுவது போல இருந்தது. எல்லாவற்றிலும் அதேதான். சரி, இனி முத்தின கூட்டுக்கு இதுதான் சத்தம்.

அன்றைக்கே பிடுங்க ஆள் சொன்னேன்.